ஏழு குடத்துத் தண்ணீர் (அத்தியாயம் 11)

"இந்தப் படத்தைக் கழட்டிடலாம்மா" என்று கிருஷ்ணப்பன் சொன்னபோது அமீருன்னிசாவுக்கு முதலில் காதை அடைத்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. வந்த கோபம் லேசுப்பட்ட கோபம் இல்லை.

பின்னே வராதா? விடிந்ததிலிருந்து அவள் பொறுத்துக்கொண்டது கொஞ்சமா நஞ்சமா!

அவள் நாத்தனார் ஷகிலா அரூருக்கு வந்து மூன்று மாதமாகிறது. தர்மபுரியில் புளி மண்டி வைத்திருக்கும் அவள் புருஷன் அப்துல் ஷுக்கூர் அவளை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். நாலு வயது மகள் ஹசீனாவை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டான். "நானா தள்ளினேன்? அவளாத்தான் போனா" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டான்.

தள்ளியது அவன்தான் என்பதற்கு இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. அவனே தன் கையால் எழுதிப்போட்ட ஒரு கடிதம். அமீருன்னிசாவின் புருஷன் சர்தார் அதை ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத் தன் பைண்டிங் கடை மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான். சென்ற வாரம் முழுக்கக் கடையைப் புரட்டிப் போட்டும் கடிதம் கண்ணில் படவில்லை.

இன்றைக்கு மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் ஜமாத் கூடுகிறது. பிள்ளை யாரிடம் என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். கையில் கடிதம் இல்லை.

"அழுது என்ன ஆகும் பாபி? படத்தையாவது நாலு பேர் பாக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க" என்று ஷகிலாதான் காலையில் அவளைக் கண்காட்சிக்கு அனுப்பி வைத்தாள்.

உலகம் பூராவும் பெண்கள் ஆண்டு கொண்டாடுகிறார்களாம். அரூரிலும் கொண்டாட ஒரு விழாக் கமிட்டி. கமிட்டியில் பதினொரு பேர். அதில் பெண் ஒருத்தி கிடையாது. தலைவர் கிருஷ்ணப்பன், உரக்கடைக்காரர்.

கல்யாண மண்டபத்துச் சுவரெல்லாம் பூ போட்ட தலையணை உறை, கம்பளி நூல் நாய்க்குட்டி, பாசிமணிக் கிளி, ஒயர் கூடை. அவற்றின் நடுவே நாலடி நீள பைண்டிங் அட்டையில் அமீருன்னிசாவின் படம்.

பழைய காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, அந்தக் கூழில் பிடித்த ஏழு பெண்கள். ஏழு பேரும் அவள் தெருவில் நடமாடுகிறவர்கள்தான். ஒருத்திக்குச் சேலை பீடி இலையில். அவள் பீடி சுற்றுகிறவள். ஒருத்திக்குக் கிழிந்த சாக்கில். கைக்குழந்தையோடு விறகு சுமக்கிறவளுக்கு முதுகு வில்லாக வளைந்திருந்தது. கடைசியில் நிற்கிறவள் ஷகிலா. அவள் காலடியில் ஒட்டியிருந்த வளையல் துண்டுகள் நிஜமானவை. புருஷன் கையை முறுக்கிய அன்று உடைந்தவை. தீப்பெட்டியில் போட்டு முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

ஏழு பேர் இடுப்பிலும் குடம். குடத்தின் வயிற்றை வெட்டித் திறந்து உள்ளே நீலக் காகிதம் ஒட்டியிருந்தாள் அமீருன்னிசா. எத்தனை பாடு பட்டாலும் ஒருத்தி குடத்திலிருந்தும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதுதான் அவள் சொல்ல நினைத்தது.

"ஏங்க கழட்டணும்?" என்றாள்.

"இது பெண்களைப் பெருமைப்படுத்தற வருசம்மா. நாளைக்குப் பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் வராங்க. அழுவற படத்தை மாட்டி வெச்சா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க? இந்தா பாரு, அந்தம்மா எவ்வளவு அழகா மயில் பண்ணியிருக்குது. நீயும் ஒரு மயில் பண்ணேன்."

"இதுல யாருங்க அழுவறது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஏழு பேர்ல ஒருத்தி கண்ணுல தண்ணி இருக்குதா?"

கிருஷ்ணப்பன் நிஜமாகவே குனிந்து பார்த்தார். இல்லைதான். அதற்காக ஒப்புக்கொண்டுவிடுவாரா?

"எதிர்த்து எதிர்த்துப் பேசாதம்மா. கதவுக்குப் பின்னால ஒரு ஆணி இருக்குது. வேணும்னா அங்க மாட்டிக்கோ."

கதவுக்குப் பின்னாலாம்! பிறந்ததிலிருந்து நின்ற இடம் அதுதானே. பெண்கள் ஆண்டிலும் அதே இடமா? அமீருன்னிசா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கழட்டுகிறவர் கழட்டட்டும், பார்க்கலாம் என்று நின்றாள்.

அந்தச் சமயத்தில் மண்டபத்துக்குள் ஒரு குரல் நுழைந்தது. "த... லை... ய... ணை... உ... றை."

குரலுக்குப் பின்னால், காலி பால் பாத்திரத்தோடு, கோவிந்தம்மாள் வந்தாள். தினமும் இவர்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவள். படத்தில் மூன்றாவது குடம் அவளுடையது. போன வருஷம் அவள் ஊரில் முதியோர் பள்ளிக்கூடம் நடந்தபோது நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. பஸ் பலகை, சோப்பு உறை, சினிமா நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. சத்தம் போட்டுத்தான் வாசிப்பாள். சத்தமில்லாமல் வாசிக்க அவளுக்குத் தெரியாது.

அமீருன்னிசாவுக்கோ தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் உருது. வாசலைத் தாண்டினால் தமிழ். குர்ஆன் ஓதவும் உருது வாசிக்கவும் தெரியும். தமிழைப் பேச மட்டும்தான் தெரியும்.

"அடி அமீரு, நான் இத்தனை குண்டாவா இருக்கறேன்?" என்று தன் பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள் கோவிந்தம்மாள். பிறகு அட்டைக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் பிடித்துக்கொண்டாள். "தி... ரு... ம... தி... சர்... தார். இதென்னா? உன் பேரைக் காணோமே?"

"என் பேரில்லையா?"

"பாய் பேருதான் இருக்குது."

இரண்டு மாதம் கூழாட்டி உள்ளங்கை தோல் உரிந்தது யாருக்கு? பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட பசையில் கை வெந்தது யாருக்கு? சர்தார் செய்தது ஒன்றுதான். "பொம்பளைங்க விளையாட்டு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்காட்சிக்கு எடுத்து வந்தபோதுகூடச் சாக்கைச் சுற்றித்தான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோயிந்தக்கா, அதை அடிச்சுட்டு என் பேரை எழுது."

"நானா?"

"நீதான். எழுதத் தெரியுமில்ல?"

கிருஷ்ணப்பன் மேஜையில் கிடந்த பென்சிலை அவரைக் கேட்காமலே எடுத்தாள் கோவிந்தம்மாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, 'அமீருன்னிசா' என்று எழுதி முடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. எழுத்து கோணல்தான். இருந்தால் என்ன? அமீருன்னிசா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

நிமிர்ந்த கோவிந்தம்மாளின் கண் தன் குடத்தின் மேல் விழுந்தது. எழுத்தைக் கண்டால் விடுவாளா?

"இதென்னா, என் குடத்துக்குள்ள என்னமோ எழுதியிருக்குது. நா... னே... கை... யை... பி... டித்... து... வா... ச... லு... க்கு... வெ... ளி... யே... தள்... ளி..."

அமீருன்னிசா அவள் தோளைப் பிடித்தாள்.

"என்னா சொன்னே? மறுபடி சொல்லு."

"'நானே கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.' யாரு யாரைடி தள்ளினது?"

அடக் கடவுளே! அந்த நீலம்!

தண்ணீருக்கு நீலம் வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். மண்டிகளில் கழித்துப்போட்ட இன்லண்ட் கடிதங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார் சர்தார். மேஜைமேல் கிடந்ததையும் சேர்த்து வாரிக் கட்டியிருக்கிறார் புண்ணியவான். பைண்டிங் செய்கிறவர் கண்ணுக்கு எழுதின காகிதம் எல்லாம் அட்டைக்கு உள்ஒட்டுத்தான். அந்தக் கட்டுக்குள் நிறம் வெளுக்காமல் புதிதாக இருந்தது ஒரே ஒரு தாள். அமீருன்னிசா அதைத்தான் எடுத்தாள். மூன்று மடிப்பு மடித்துக் கத்தரித்தாள். எழுத்து வரிகள் தண்ணீரில் அலையடிப்பதுபோல் அழகாக இருக்கவே, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி முதல் குடத்திலிருந்து வரிசையாக ஒட்டினாள். ஷகிலா பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தாள்!

தன் வாழ்க்கையைக் கெடுத்த கடிதத்துக்கு அவளே பசை தடவியிருக்கிறாள். அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஷுக்கூருக்கு உருது நன்றாக எழுத வரும். உருதுவில் எழுதினால் வீட்டுப் பெண்கள் படித்துவிடுவார்களே! அதனால்தான் தமிழில் எழுதினான் அந்த மகாராஜன்.

"கோயிந்தக்கா, முதல் குடத்துலருந்து எல்லாத்தையும் படி. சத்தமாப் படி."

கோவிந்தம்மாள் படித்தாள். மண்டபத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அருகே வந்து நின்றார்கள். கோவிந்தம்மாள் ஏழாவது குடம் வரைக்கும் படித்து முடித்தாள்.

அமீருன்னிசா ஆணியிலிருந்து அட்டையைத் தூக்கினாள்.

"ஏம்மா, ஏம்மா! கண்காட்சி முடியற வரைக்கும் பொருளை வெளியே எடுக்கக் கூடாது. அதுதான் விதி" என்று ஓடி வந்தார் கிருஷ்ணப்பன்.

"இப்பத்தானேய்யா கழட்டச் சொன்னீங்க?"

"கதவுக்குப் பின்னால மாட்டத்தான் சொன்னேன்."

"அங்க நீங்களே போய் நில்லுங்க. பெருமையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அட்டையின் மறுமுனையைக் கோவிந்தம்மாள் பிடித்துக்கொண்டாள். வெயிலில் இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளிவாசல் கேட் பக்கம் கோவிந்தம்மாள் நின்றுவிட்டாள். "நான் இங்கியே நிக்கறேன், நீ போ" என்றாள். அமீருன்னிசா அட்டையோடு பக்கத்து ஓதும் அறைக்குள் நுழைந்தாள். அங்கே திரைக்குப் பின்னால் ஷகிலா ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். வெளியே முற்றத்தில் ஜமாத் கூடிவிட்டது.

"அவளாத்தான் போனா. பெத்த புள்ளையை வுட்டுட்டுப் போனவளுக்கு இப்ப என்ன பாசம்? தள்ளினேன்னு எவனாவது பாத்தானா?" ஷுக்கூரின் குரல் கணீரென்று கேட்டது.

"கடிதம் எழுதினீங்களே மச்சான்" என்றார் சர்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது அவர் குரல்.

"எங்கய்யா கடிதம்? காட்டு."

ஷகிலா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி முகம்மது கவுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். நியாயஸ்தர்தான். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் அவர் என்ன சொல்வார்? "அவங்களாப் போனதா இருந்தா புள்ளை அங்கயே இருக்கட்டும். தள்ளிவிட்டதா இருந்தா தாய்கிட்டத்தான் வரணும். சாட்சி இல்லாதப்ப..."

"இருக்குது!"

முற்றத்தில் அத்தனை தலையும் திரும்பியது. திரைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய அட்டை வெளியே வந்தது. அதைத் தள்ளிய இரண்டு கை மட்டும் தெரிந்தது.

"என்ன இது? பொம்மைக் கொலு வைக்கிற இடமா இது?" என்று ஒருவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தண்ணியைப் படிங்க. முதல் குடத்துலருந்து படிங்க" என்றது திரைக்குப் பின்னால் குரல்.

கவுஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். முதலில் கீழே இருந்த கோணல் எழுத்தைத்தான் வாசித்தார். "அமீருன்னிசா. யாரு, நம்ம சர்தார் வீட்டிலயா?"

"நான்தாங்க."

அப்புறம் குடங்களைப் படித்தார்.

"'மச்சான் சர்தாருக்கு சலாம். உன் தங்கை... ஷகிலாவை நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு... நானே கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பிள்ளையைத் தூக்க வந்தாள். கொடுக்கவில்லை. பிள்ளை என்னிடம் இருந்தால்தான் அவள் வாயைத் திறக்காமல் இருப்பாள். ஊரில் கேட்டால் அவளாகவே போனாள் என்று சொல்லிக்கொள்வேன். நீ அட்டை ஒட்டிப் பிழைக்கிறவன். ஜமாத்து ஜோலிக்குப் போகாதே.'"

ஷகிலா தலையைத் தூக்கிவிட்டாள். சர்தார் அட்டையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் மனைவி செய்த படத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். கடைசிப் பெண்ணின் காலடியில் தங்கையின் வளையல் துண்டுகளைப் பார்த்ததும் அவர் உதடு கோணியது.

ஷுக்கூர் மட்டும் அசரவில்லை.

"நல்லா இருக்குது நாடகம்! கையெழுத்து எங்க? என் மண்டியில கடிதம் எழுத மூணு குமாஸ்தா இருக்கான். எவன் எழுதினானோ, எவன் வெட்டி ஒட்டினானோ. அடியில என் கையெழுத்தைக் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

கவுஸ் ஏழாவது குடத்தைத் தடவிப் பார்த்தார். "கடைசித் துண்டு இல்லையேம்மா. கையெழுத்து இருக்கிற துண்டு எங்க?"

அமீருன்னிசா யோசித்தாள். மூன்று மடிப்பு மடித்தால் எட்டுத் துண்டு. குடம் ஏழு. எட்டாவது துண்டை என்ன செய்தாள்? கோபத்திலும் பதற்றத்திலும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியலைங்க" என்றாள்.

"சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள அந்தத் துண்டு வந்தா, புள்ளை அன்னிக்கே தாய்கிட்ட வரும். அதுக்கு நான் ஜவாப்தாரி. வரலைன்னா, புள்ளை அங்கதான்."

ஷுக்கூர் எழுந்து துண்டை உதறினான். "ஏழு வெள்ளிக்கிழமை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எங்க வூட்டுக்கு எதிரா ஒட்டுவேலையா பண்றீங்க? உங்க வூட்லருந்து வந்த ஒரு துரும்பு இனிமே என் வூட்ல இருக்கக் கூடாது. பெருநாளைக்குப் புள்ளைக்கு அனுப்பினீங்களே, சட்டை, பொம்மை, கிளி, அத்தனையும் இன்னிக்குப் போனதும் அடுப்புல போட்டுட்டுத்தான் மறுவேலை."

கிளி!

அமீருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹசீனாவுக்குப் பெருநாள் சட்டையோடு அனுப்பிய காகிதக் கிளி. உடம்புக்குப் பச்சைத்தாள், கண்ணுக்கு வளையல் பொட்டு. ஒரு பக்கச் சிறகுக்கு மிச்சமிருந்த ஒரு நீலத் துண்டு. எழுத்தைப் பார்த்தால் இறகு மாதிரியே இருக்கிறது என்று ஷகிலாதான் சந்தோஷப்பட்டாள்.

அவன் கையெழுத்து அவன் வீட்டிலேயே இருக்கிறது. அவன் மகள் கையில் இருக்கிறது.

கத்திச் சொல்லத் துடித்தது வாய். சொன்னால் என்ன ஆகும்? எவர் போய்ச் சேர்வதற்கு முன்னாலும் அவன் போய்ச் சேர்ந்துவிடுவான். காலையிலிருந்து அத்தனை பேரிடமும் வாயைத் திறந்தவள், இந்த ஒரு விஷயத்துக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. என்ன அநியாயம் இது! உதட்டைக் கடித்தாள். ஷகிலாவின் காதில் மட்டும் சொன்னாள்.

"நீங்க எப்படி பாபி தனியாப் போவீங்க? அண்ணனை அனுப்பலாம்."

"உங்க அண்ணன் போனா வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க. பொம்பளைன்னா அடுப்படி வரைக்கும் போகலாம். நான் போனா உன் மாமியா ஒரு டம்ளர் தண்ணியாவது குடுக்காம இருக்க மாட்டா. எனக்கு அஞ்சு நிமிசம் போதும்."

வெளியே ஷுக்கூர் யாரோ சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறப்போவதாகச் சொல்வது கேட்டது. அமீருன்னிசா பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டில் நின்ற கோவிந்தம்மாளின் கையைப் பிடித்தாள்.

"கோயிந்தக்கா, தர்மபுரி வரைக்கும் வரியா? பஸ் பலகை படிக்க ஆள் வேணும்."

"மாட்டுக்குத் தண்ணி காட்டணுமேடி" என்றாள் கோவிந்தம்மாள். அடுத்த நிமிஷமே, "போவுது, பக்கத்து வூட்டுக்காரி காட்டுவா. நட" என்றாள். வழியெல்லாம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பஸ் நிலையத்தில் கோவிந்தம்மாள் மூன்று பலகைகளைச் சத்தமாக வாசித்தாள். நாலாவது, "மொ... ரப்... பூர்... வழி... தர்... ம... பு... ரி." ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் ஏறினார். இஞ்சின் உறுமியது. அமீருன்னிசாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவன் இப்போது சாப்பாட்டில் கை வைத்திருப்பான். ஒரு மணி நேரம் முந்திவிடலாம்.

"ஓல்டான், ஓல்டான்!"

கண்டக்டர் கத்தவும் நகர்ந்த பஸ் நின்றது. வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஏறினான் அப்துல் ஷுக்கூர். சாப்பாடு இறங்கவில்லை போலிருக்கிறது. காலியாக இருந்த முன் சீட்டில், அவர்களுக்கு நேர் முன்னால், தொப்பென்று உட்கார்ந்தான்.

அமீருன்னிசா துப்பட்டியை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் கையால் சமைத்த பிரியாணியை ஆறு பெருநாள் தின்றவன். திரும்பி ஒரு பார்வை பார்த்தான். துப்பட்டி போட்ட யாரோ ஒருத்தி, பக்கத்தில் பால்காரி மாதிரி யாரோ ஒருத்தி. அவ்வளவுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பெண்பிள்ளைகளை அவன் என்றைக்குப் பார்த்திருக்கிறான்?

வண்டி ஊரைத் தாண்டியது. கோவிந்தம்மாளின் காலடியில் கிடந்த காலி பால் பாத்திரம் குலுங்கி அவன் செருப்பில் இடித்தது. அவன் திரும்பி, கொஞ்சம் மரியாதையாகவே கேட்டான்.

"பாத்திரத்தைத் தள்ளி வைங்கம்மா. எங்க போறீங்க, தர்மபுரிக்கா?"

அமீருன்னிசா கோவிந்தம்மாளின் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமாங்க" என்றாள் கோவிந்தம்மாள். அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஒரு பொட்டப்புள்ளைய அதோட ஆத்தாகிட்டக் கூட்டியாறப் போறோங்க."

"நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு ஷுக்கூர் முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.